பிடிப்பது எளிது, செரிப்பதுதான் பாடு: சிவிலைசேஷன் ஆட்டங்களில் நிலம் சேர்க்கும் கணக்கு

சிவிலைசேஷன் என்பது நாடு கட்டி ஆளும் கம்ப்யூட்டர் ஆட்டத் தொடர். அதில் முறை வைத்து ஆடுவார்கள்; ஒரு முறைக்கு டர்ன் என்று பெயர், ஒரு படைப்பிரிவுக்கு யூனிட். அதன் நாலாம் பாகத்தை ஆட ஆரம்பித்த புதிதில் பக்கத்து நாட்டின் மேல் படையெடுத்தேன். என்னிடம் கோடரி வீரர் யூனிட்கள் எட்டு. அவர்களிடம் வில்லாளிகள் மட்டும்தான். முப்பது டர்னுக்குள் ஆறு நகரங்கள் கைக்கு வந்தன. வரைபடத்தில் பாதிக் கண்டம் என் நிறத்தில் இருந்தது, பார்க்கவே சந்தோஷமாக இருந்தது. அடுத்த பத்து டர்னில் கஜானா காலி. ஆராய்ச்சிக்கு ஒதுக்கும் வீதத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கியும் வரவு செலவு நேராகவில்லை. சம்பளம் கிடைக்காத படை ஸ்ட்ரைக் செய்தது. நகரங்களைப் பிடித்துக்கொடுத்த அதே யூனிட்கள் ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின. அதுவரை எந்த எதிரியும் என்னைத் தொடவே இல்லை.

இந்த வகை ஆட்டங்களை 'ஃபோர் எக்ஸ்' என்பார்கள். 1993இல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் பற்றிக் கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்ட் இதழில் எழுதும்போது ஆலன் எம்ரிக் வைத்த பெயர் அது. தேடிக் கண்டுபிடிப்பது, பரவுவது, நிலத்தின் வளத்தை எடுப்பது, எதிரியை ஒழிப்பது என்ற நாலு வேலைக்கும் ஆங்கிலச் சொல்லில் 'எக்ஸ்' ஒலி வரும். பெயரில் நாலாக இருந்தாலும், ஆடிப் பார்த்தால் இரண்டாவதும் நாலாவதும் ஒன்றாகத்தான் தெரியும். காலி நிலத்துக்குச் செட்லர் என்ற குடியேறி யூனிட்டை அனுப்பி ஊர் அமைத்தாலும் சரி, அடுத்தவர் அமைத்த ஊரைப் பிடுங்கினாலும் சரி, கிடைப்பது ஒரு நகரம். வேறுபடுவது விலைதான். அந்த விலையை இரண்டு தவணையில் கட்ட வேண்டும்: நகரம் கைக்கு வரும்போது ஒன்று, வந்த பிறகு டர்னுக்கு டர்ன் இன்னொன்று. முதல் தவணையை எல்லாரும் கணக்குப் போட்டுவிடுகிறோம். ஆட்டம் கவிழ்வது பெரும்பாலும் இரண்டாவதில்.

சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் 1991இல் மைக்ரோப்ரோஸுக்காக முதல் சிவிலைசேஷனைச் செய்தபோது இந்த இரண்டாம் தவணை ரொம்பச் சின்னது. கூடவே கணக்கில் ஒரு ஓட்டையும் இருந்தது. வரைபடம் கட்டம் கட்டமாகப் பிரிந்திருக்கும். ஒரு நகரம் தான் நிற்கும் கட்டத்தின் விளைச்சலை இலவசமாக எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் குடிமகன் ஒருவருக்கு ஒரு கட்டம். ஆக இரண்டு பேர் வாழும் நகரத்துக்கு மூன்று கட்ட வருமானம். அதே இரண்டு பேரை ஆளுக்கொரு ஊரில் வைத்தால் நாலு கட்டம். பெருநகரம் கட்டி வளர்ப்பதைவிட வரைபடம் முழுக்க நெருக்கி நெருக்கிக் குட்டி ஊர்களை நடுவதே லாபம் என்று ஆனது. 1996இல் வந்த இரண்டாம் பாகத்திலும் இதே கதை. ஆடுகிறவர்கள் இதற்கு 'இன்ஃபினிட் சிட்டி ஸ்ப்ரால்' என்று பெயர் வைத்தார்கள். முடிவே இல்லாமல் ஊர் நட்டுக்கொண்டே போவது. ஜெயிப்பது நிச்சயம், ஆடுவது தண்டனை. நூறு ஊருக்கும் டர்னுக்கு டர்ன் வேலை சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமே.

பரவுவதில் வட்டி குட்டி போடும் குணம் உண்டு. ஐந்து நகரம் இருந்தால் ஆறாவதைச் சீக்கிரம் கட்டலாம், ஆறு இருந்தால் ஏழாவதை இன்னும் சீக்கிரம். போரிலும் அப்படித்தான். பிடித்த நகரம் அடுத்த நகரத்தைப் பிடிக்க யூனிட் செய்து தரும். முன்னால் போனவரை யாரும் எட்டிப் பிடிக்க முடியாது. இதைத்தான் ஸ்னோபால் என்கிறார்கள். ஒவ்வொரு பாகத்தின் வடிவமைப்பாளரும் இதற்கு ஏதாவது ஒரு பிரேக் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பாகத்துக்குப் பாகம் பிரேக் வேறு. விரிவாக்க உத்தி என்பதே நாம் ஆடும் ஆட்டத்தில் பிரேக் எங்கே இருக்கிறது, எப்போது பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு, அது பிடிப்பதற்குள் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று பார்ப்பதுதான்.

2001இல் வந்த மூன்றாம் பாகம் போட்ட பிரேக் ஊழல். தலைநகரிலிருந்து தூரம் கூடக் கூட, நகரங்களின் எண்ணிக்கை கூடக் கூட, வருமானம் வீணாகும். கண்டத்தின் மறுகோடியில் உயிரைக் கொடுத்துப் பிடித்த பெருநகரம் டர்னுக்கு ஒரே ஒரு உற்பத்திப் புள்ளி தந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். பண்பாட்டு எல்லைகளும் இந்தப் பாகத்தில்தான் வந்தன. பிடித்த நகரம் தன் பழைய நாட்டின் ஈர்ப்பில் ஒரு நாள் திரும்பிப் போய்விடும். காவலுக்கு உள்ளே நிறுத்தியிருந்த படையும் கூடவே மாயமாகிவிடும். எனக்கு இந்த ஊழல் முறை பிடித்ததே இல்லை. தண்டனை இருக்கிறது, ஆனால் அதை வைத்துக்கொண்டு யோசித்து முடிவெடுக்க ஒன்றும் இல்லை. நகரம் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்தும் எதிரிக்குப் போகாமல் இருக்கட்டும் என்று பிடித்து வைப்போம். அவ்வளவுதான்.

சோரன் ஜான்சன் 2005இல் நாலாம் பாகத்தை வடிவமைத்தபோது ஊழலைத் தூக்கிவிட்டுப் பராமரிப்புச் செலவைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நகரத்துக்கும் டர்னுக்கு இவ்வளவு தங்கம். தலைநகரிலிருந்து தள்ளிப் போனால் கூடுதல். மொத்த நகரங்கள் கூடினால் எல்லா நகரத்துக்கும் கூடுதல். அதாவது ஏழாவது நகரத்தைப் பிடித்தால் முதல் ஆறின் செலவும் ஏறும். ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்களே, அந்தக் கதை. படைச் செலவு கண்ணுக்குத் தெரியும். பராமரிப்பு சத்தமே இல்லாமல் தின்றுகொண்டிருக்கும்.

இந்த பிரேக்கின் அழகு என்னவென்றால், இது நிரந்தரமில்லை. நகரம் முதல் நாளில் நஷ்டம், வளர்ந்தால் லாபம். நிலத்தில் போடும் குடிசை படிப்படியாக வளர்ந்து டவுனாக எழுபது டர்ன் பிடிக்கும். நீதிமன்றம் கட்டினால் அந்த நகரத்தின் பராமரிப்பு பாதியாகும். நாணயத் தொழில்நுட்பம் வந்தால் நகரத்துக்கு ஒரு வணிகப் பாதை கூடும். ஆகவே நாலாம் பாகத்தில் நன்றாக ஆடுகிறவர்கள் ஒரே சீராகப் பரவுவதில்லை. கஜானா தாங்கும் விளிம்பு வரை ஒரு பாய்ச்சல், பிறகு நாணயம், சட்டத் தொகுப்பு போன்ற தொழில்நுட்பங்களைப் பிடித்து ஒரு இளைப்பாறல், பிறகு இன்னொரு பாய்ச்சல். நான் செய்தது இளைப்பாறல் இல்லாத பாய்ச்சல். அகலக்கால் வைத்ததற்கான தண்டனை. இன்னொரு விஷயமும் பிறகுதான் புரிந்தது. நகரத்தைப் பிடிக்கும்போது கிடைக்கும் கொள்ளைத் தங்கத்தை வருமானம் என்று எண்ணக்கூடாது. போர் நடக்கும் வரை அது பள்ளத்தை மறைத்து வைக்கும். போர் நின்ற டர்னில் பள்ளம் தெரியும்.

2010இல் வந்த ஐந்தாம் பாகத்தில் பிரேக்கைத் தங்கத்திலிருந்து மக்களின் மகிழ்ச்சிக்கு மாற்றினார்கள். நாடு முழுவதற்கும் ஒரே எண். ஒவ்வொரு நகரத்துக்கும் 3 அதிருப்தி, ஒவ்வொரு குடிமகனுக்கும் 1. புதிதாகக் கிடைக்கும் ஆடம்பரப் பொருள் ஒன்று 4 மகிழ்ச்சி தரும். ஒருவர் வாழும் புது ஊரின் சுமையும் சரியாக 4. ஆக, எங்கே ஊர் அமைப்பது என்ற கேள்விக்கு ஆட்டமே பதில் சொல்லிவிடுகிறது: உங்களிடம் இல்லாத ஆடம்பரப் பொருள் எங்கே இருக்கிறதோ அங்கே. எண் பூஜ்யத்துக்குக் கீழே போனால் நகரங்களின் வளர்ச்சி நாலில் ஒரு பங்காகச் சுருங்கும். மைனஸ் பத்தைத் தொட்டால் செட்லரே செய்ய முடியாது.

இந்தப் பாகத்தில் பிரேக் ரொம்பவே இறுகிவிட்டது என்பது என் கருத்து. 2013இல் பிரேவ் நியூ வேர்ல்ட் என்ற விரிவாக்கம் (ஆட்டத்தோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் தொகுப்பு) வந்த பிறகு, ஒவ்வொரு கூடுதல் நகரமும் அடுத்த தொழில்நுட்பத்தின் விலையையும் ஏற்றியது. டிரெடிஷன் என்ற கொள்கை மரமோ (படிப்படியாகத் தேர்ந்தெடுக்கும் கொள்கைகளின் தொகுதி) இலவசக் கட்டடங்களை முதல் நாலு நகரங்களுக்கு மட்டும் கொடுத்தது. விளைவு, யாரைக் கேட்டாலும் "நாலு நகரம், டிரெடிஷன்" என்றே சொன்னார்கள். பேரரசு கட்டும் ஆட்டத்தில் நாலே ஊரோடு உட்கார்ந்து அறிவியல் வெற்றிக்குக் காத்திருப்பது பாதுகாப்பான வழியாகிவிட்டது. ஒரு கோடியில் முடிவில்லாத ஊர்கள், மறுகோடியில் நாலு ஊர். பிரேக்கை எவ்வளவு அழுத்துவது என்பது அவ்வளவு நுட்பமான வேலை.

சரி, போருக்கு வருவோம். பிறர் கட்டிய நகரத்தைப் பிடிப்பது எப்போது லாபம்? 2016இல் வந்த ஆறாம் பாகத்தின் எண்களை வைத்துப் பார்க்கலாம். செட்லரின் விலை 80 உற்பத்திப் புள்ளியில் தொடங்கி, ஒவ்வொன்று செய்யும்போதும் ஏறும். கூடவே உங்கள் நகரத்திலிருந்து ஒரு குடிமகனும் போவார். வில்லாளி ஒன்று 60. நாலு வில்லாளிக்கு 240. நகருக்குள் நுழைய நேரடிச் சண்டை யூனிட் ஒன்று வேண்டும், வில்லாளிகளால் நகரத்தைக் கைப்பற்ற முடியாது. வாரியர் ஒன்று 40. ஆக 280 புள்ளியில் ஒரு சின்னப் படை. அந்தப் படை மதில் எழும்பாத பக்கத்து நாட்டில் மூன்று நகரம் பிடித்துவிட்டால், விலை ஏறிக்கொண்டே போகும் மூன்று செட்லரைவிட மலிவாக வந்தது கணக்கு. நகரங்கள் வளர்ந்த நிலையில் கிடைக்கும். ஆபத்தான அயலாரும் ஒழிவார். படையும் மிச்சம் இருக்கும்.

டெய்ட்டி எனும் உச்சக் கடினத்தில் இது இன்னும் பொருந்தும். அங்கே ஏஐ, அதாவது கம்ப்யூட்டர் ஆடும் எதிராளி, மூன்று செட்லரோடு ஆட்டத்தைத் தொடங்குகிறது, நமக்கு ஒன்று. போட்டி போட்டு ஊர் அமைத்து அதை எட்டுவது கஷ்டம். அந்தச் சலுகையை வைத்து அது கட்டிய ஊர்களை எடுத்துக்கொள்வது ஒப்பிட்டால் சுலபம். ஏஐ நகரம் கட்டுவதில் கெட்டி, யூனிட்களை நகர்த்துவதில் மந்தம்.

இதெல்லாம் மதில் வரும் வரைதான். ஆறாம் பாகத்தில் மதிலின் மேல் நேரடிச் சண்டை யூனிட்கள் அடித்தால் சேதம் பெயருக்குத்தான் இருக்கும். மதிலை இடிக்கும் பேட்டரிங் ராம் வேண்டும், அல்லது கல்லெறியும் கேட்டபுல்ட். அதனால் தொடக்கப் போருக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. அது மூடுவதற்குள் உள்ளே போக வேண்டும். தேர்ந்தவர்கள் இதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்வார்கள். வில்வித்தை ஆராய்ச்சி முடியும் முன்பே 35 புள்ளிக்குக் கிடைக்கும் கவண்காரர்களைச் செய்து வைத்துக்கொள்வது. கவண்காரரால் ஒரு எதிரி யூனிட்டைக் கொன்றால் வில்வித்தைக்கு யுரேகா என்ற சலுகை கிடைத்து ஆராய்ச்சி சுருங்கும். அது முடிந்த டர்னிலேயே தங்கம் கொடுத்து எல்லாரையும் வில்லாளியாக மேம்படுத்துவது. வில்லாளியை ஒன்றொன்றாகக் கட்டிக்கொண்டிருப்பவர் எல்லையை எட்டும்போது அங்கே மதில் நிற்கும்.

பிந்திய காலங்களிலும் இதே தர்க்கம்தான், யூனிட் மட்டும் மாறும். ஐந்தாம் பாகத்தில் நகரம் இரண்டு கட்டம் வரை சுடும். ஆர்ட்டிலரி மூன்று கட்டத்திலிருந்து சுடும். அந்த ஒரு கட்ட வித்தியாசத்தை நம்பி டைனமைட் தொழில்நுட்பத்துக்கு நேராக ஓடி, ஒரு கண்டத்தையே சுருட்டியவர்கள் உண்டு. பலம் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்ப்புச் சொல்கிறது என்பதற்கு ஆறாம் பாகத்தின் சேதக் கணக்கைப் பார்க்கலாம். யூனிட்டுக்கு 100 உயிர்ப் புள்ளி. பலம் சமமாக இருந்தால் இருவருக்கும் சராசரி 30 சேதம். பத்துப் புள்ளி பலம் கூடினால் நாம் கொடுப்பது சுமார் 45, வாங்குவது சுமார் 20. பத்துப் புள்ளி என்பது பெரிய தூரம் இல்லை. அதை நிலம், பதவி உயர்வு, பக்கத்தில் நிற்கும் துணை யூனிட், ஒலிகார்க்கி அரசமைப்பு என்று துணுக்குத் துணுக்காகவே சேர்த்துவிடலாம். எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட இந்தத் துணுக்குகளைக் கூட்டுவதே மலிவு.

முற்றுகையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் புதிதாக ஆடுகிறவர்கள் தவறுவது இங்கேதான். சுற்றி வளைக்கப்படாத நகரம் டர்னுக்கு 20 புள்ளி குணமாகிக்கொண்டே இருக்கும். வில்லாளிகள் ஒரு பக்கத்தில் நின்று அடித்தது அத்தனையும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர். நகரத்தைச் சுற்றிய எல்லாக் கட்டங்களும் நம் யூனிட்களின் காலடியிலோ கட்டுப்பாட்டு எல்லையிலோ (யூனிட்டை ஒட்டிய கட்டங்கள்) வந்துவிட்டால் குணமாவது நிற்கும். எதிரெதிர் பக்கம் நிற்கும் இரண்டு மூன்று யூனிட் போதும், ஆறு குறுக்கே வராவிட்டால்.

நகரம் விழுந்தது. இனி இரண்டாம் தவணை. ஆறாம் பாகத்துக்கு 2018இல் வந்த ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கம் விசுவாசம் என்ற பிரேக்கைச் சேர்த்தது. நான் பார்த்ததில் இதுதான் ஆகக் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு நகரத்துக்கும் 100 புள்ளி விசுவாசம். ஒன்பது கட்டத்துக்குள் வாழும் குடிமக்கள் அத்தனை பேரும் தத்தம் நாட்டின் பக்கம் இழுப்பார்கள். தூரம் ஒரு கட்டம் கூடினால் இழுப்பு பத்து சதவீதம் குறையும். பொற்காலத்தில் இருக்கும் நாட்டின் மக்கள் ஒன்றரை மடங்கு இழுப்பார்கள், இருண்ட காலத்தில் பாதிதான். புள்ளி பூஜ்யமானால் நகரம் கலகம் செய்து தனியே போய்விடும்.

இப்போது போரின் வரிசையே மாறுகிறது. பழைய பாகங்களில் எல்லையோரச் சின்ன ஊரைப் பிடித்துக் காலூன்றிக்கொண்டு மெல்ல உள்ளே போவோம். இங்கே அப்படிப் போனால், அந்தச் சின்ன ஊரை எதிரியின் பெருநகரங்கள் மூன்று பக்கமும் இழுத்து ஏழெட்டு டர்னில் பறித்துவிடும். எனவே பெரிய நகரத்தை முதலில் எடுக்க வேண்டும். அதன் மக்கள்தொகை அதுவரை நமக்கு எதிராக இழுத்தது. பிடித்த டர்னிலிருந்து நம் பக்கம் இழுக்கும். தராசின் ஒரு தட்டிலிருந்து எடுத்து மறுதட்டில் வைக்கிறோம், மாற்றம் இரட்டிப்பு. அதற்குப் பிறகு சுற்றியுள்ள சிற்றூர்கள் சண்டையே போடாமல் தள்ளாட ஆரம்பிக்கும். ஆளுநரை நியமித்தால் டர்னுக்கு 8 விசுவாசம் கிடைக்கும். அவரை அமைதியான தலைநகரில் வைத்துக்கொண்டிருப்பது வீண், போர்முனையோடு நகர்த்திக்கொண்டே போக வேண்டும். எதிரி இருண்ட காலத்தில் விழும் வரை படையெடுப்பைத் தள்ளிப்போடுவதும் நல்ல யோசனை. அக்விடைனின் எலினாரைத் தலைவியாக எடுத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போய், எல்லையில் கலைப்படைப்புகளைக் குவித்து, அவற்றால் விசுவாசத்தைக் கரைத்து அடுத்தவர் நகரங்களை அம்பே விடாமல் உதிர வைப்பார்கள். அதுவும் படையெடுப்புதான், வேறு ஆயுதம்.

ராஜதந்திரப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திடீர்ப் போரைவிட, முதலில் கண்டனம் அறிவித்து ஐந்து டர்ன் காத்திருந்து முறையான போர் தொடுத்தால் கெட்ட பெயர் குறைவு. ஒரே போரில் ஒரு நாட்டை முழுவதும் துடைத்தெறிவதைவிட, நல்ல நகரங்களை எடுத்துவிட்டுச் சமாதானம் பேசுவது பெரும்பாலும் மேல். ஆதிக்க வெற்றிக்கே எல்லா நகரமும் தேவையில்லை, மற்ற நாடுகளின் ஆதித் தலைநகரங்கள் கையில் இருந்தால் போதும். பனிப்பிரதேசத்தின் ஓரத்தில் மிச்சமிருக்கும் ஊரைத் தேடிக்கொண்டு படை போவதை இன்னும் பார்க்கிறேன். அது கோபத்தில் ஆடுவது.

எங்கே நிறுத்துவது? மலைத்தொடர், பாலைவனம், குறுகலான நிலப்பாலம் என்று ஏதாவது வரும் இடத்தில். ஒரு கட்டத்தில் ஒரு யூனிட்தான் நிற்கலாம் என்ற விதி ஐந்தாம் பாகத்தில் வந்த பிறகு, இரண்டு யூனிட்டால் அடைக்கக்கூடிய கணவாயின் மதிப்பு ஒரு நகரத்துக்குச் சமம். கணவாயைத் தாண்டி இன்னும் ஒரே ஒரு நகரம் என்று போனால், அதைக் காக்க ஆறு யூனிட் நிரந்தரமாக நிற்க வேண்டியிருக்கும். அந்த ஆறு யூனிட்டின் சம்பளத்தையும் அந்த நகரத்தின் விலையில்தான் எழுத வேண்டும்.

எவ்வளவு பிரேக் போட்டாலும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஆறாம் பாகத்தின் சாதாரண வேகத்தில் ஆட்டம் 500 டர்ன் வரை போகலாம். யார் ஜெயிப்பார் என்பது அதற்கு வெகு முன்பே தெரிந்துவிடும். மிச்சமெல்லாம் துடைக்கிற வேலை. நாலாம் பாகத்துக்கு 2006இல் வந்த வார்லார்ட்ஸ் விரிவாக்கம், அடிபட்ட நாடு சரணடைந்து சிற்றரசாகிவிடும் வசதியைக் கொடுத்து இதைக் கொஞ்சம் சுருக்கியது. சோரன் ஜான்சன் பிற்பாடு செய்த ஓல்ட் வேர்ல்ட் என்ற வேறொரு ஆட்டத்தில் பிரேக் வேறு இடத்துக்குப் போனது. அங்கே டர்னுக்கு இத்தனை ஆணைகள்தான் கொடுக்கலாம். ஒவ்வொரு நகர்வும் அடியும் ஆணையைத் தின்னும். பெரிய படை இருந்து பிரயோஜனமில்லை, எல்லாரையும் அசைக்க ஆணை இருக்காது. போர்முனையில் ஆணைகளைக் கொட்டினால் வீட்டில் வேலையாட்கள் சும்மா நிற்பார்கள். போர் என்றால் வீட்டு வேலை நின்றுபோகும் என்பதை இவ்வளவு எளிதாக வேறு ஆட்டம் எதுவும் எனக்கு உணர்த்தியதில்லை.

2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பாகம் ஆட்டத்தையே மூன்று யுகங்களாக வெட்டிவிட்டது. இங்கே பிரேக்குக்கு ஊர் வரம்பு என்று பெயர். வரம்பைத் தாண்டிய ஒவ்வொரு ஊருக்கும் நாடு முழுக்க மகிழ்ச்சி குறையும். ஆனால் முதல் யுகத்தின் ராணுவப் பாதைக்கு ஊர்கள் 12 புள்ளி சேர வேண்டும், போரில் பிடித்த ஊர் இரண்டு புள்ளியாக எண்ணப்படும். ஒரு கை பிடித்து இழுக்கிறது, மறு கை முதுகில் தள்ளுகிறது.

சமீபத்தில் ஆடிய ஆட்டத்தில் பத்துப் புள்ளியில் நின்றேன். வரம்பை ஏற்கெனவே தாண்டியிருந்தேன், இரண்டு ஊர்களில் மக்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். எதிரே மதில் உடைந்த ஒரு கடலோர ஊர். பழைய அனுபவத்துக்கு அது நிற்க வேண்டிய இடம். ஆனால் யுகம் முடிய ஐந்தாறு டர்ன்தான் இருந்தது. யுகம் மாறினால் நடக்கும் போர்கள் முடிந்துபோகும், வரம்பை உயர்த்தப் புதிய வழிகளும் வரும். அதிருப்தி கலவரமாக முற்றுவதற்குள் கணக்குப் புத்தகமே மாறிவிடும். இரண்டாம் தவணை கட்ட வேண்டிய தேதி வரப்போவதே இல்லை. தளபதியைப் படையோடு உள்ளே அனுப்பினேன்.